கதவுகிட்ட நின்னவங்க

சபையில இருக்கற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சுத்தி வளைச்சிப் பேச எனக்கு வராது, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போன ஆகஸ்டு மாசம் நான் பெத்த பொண்ணை நானே சாகடிக்கப் பாத்தேன்.

என் பேரு தாமஸ். பொறந்தது இதே கடலூர் ஓல்டு டவுன்லதான். பொழப்பு சிதம்பரத்துல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வெச்சி இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. நான் கோவக்காரன். அடுப்பை மேல மட்டும் பளபளன்னு தொடைச்சிட்டு பர்னரைச் சுத்தம் பண்ணாம எடுத்துக்கிட்டு வர்றவங்களைப் பாத்தா இன்னிக்கும் சுள்ளுன்னு ஏறும்.

எனக்கு ஒரே பொண்ணு, ஷீபா. காலேஜ்ல மூணாவது வருஷம். ரெண்டு மாசப் படிப்புக்கு ஸ்காட்லாந்துல எடம் கெடைச்சிப் போனா. நமக்கு ஆடி ஆவணின்னா அவுங்களுக்கு அதுதான் கோடையாம். என்ன கோடையோ, எப்பப் பாத்தாலும் மழை, குளிரு. ஒரு பழைய வீட்டுல நாலு பொண்ணுங்க சேர்ந்து தங்கியிருந்தாங்க. கடைசி வாரம் கிளாஸ் முடிஞ்சி மத்த மூணு பேரும் ஊருக்குக் கெளம்பிட்டாங்க. இவ மட்டும் ரிப்போர்ட் எழுதி முடிக்க ஒரு வாரம் தங்கினா. குளிருக்கு அடக்கமா இருக்குன்னு சமையலறையிலதான் நாள் பூரா உக்காந்திருப்பா.

சனிக்கிழமை போன்ல, தலை வலிக்குதுப்பான்னா. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சா வலிக்காம என்ன செய்யும்னு ரெண்டு திட்டு திட்டினேன். ஞாயித்துக்கிழமை, "மாடியில யாரோ நடக்கறாங்கப்பா"ன்னா. எலியா இருக்கும்னேன். திங்கக்கிழமை வீடியோவுல பேசறப்ப பாக்கறேன், மேசை மேல ரெண்டு டீ கப்பு இருக்குது. ரெண்டுலயும் ஆவி பறக்குது.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"அவுங்களுக்கு."

"எவுங்களுக்கு?"

பக்கத்துல திரும்பிப் பாத்துட்டு, "பேரு கேக்கலப்பா"ன்னா. பால் வாங்க மறந்துட்டேன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. என் பொண்டாட்டி வசந்தா என் கையைப் புடிச்சா.

அன்னிக்கே வசந்தாவோட தம்பிக்குப் போன் போட்டோம். இதோ மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காரே, மச்சான் செல்வராஜ், அவருதான். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தறவரு. சாயங்கால பஸ்ஸுல வந்து எறங்கினாரு. விஷயத்தைக் கேட்ட உடனே, "மாமா, இது அசுத்த ஆவி"ன்னாரு. ஷீபாவைக் கூப்பிட்டு, கதவு ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்து, ஒரு சந்துகூட விடாத, நிலைப்படியில எண்ணெய் தடவு, மூணு நாளைக்கு வெளிய போகாம உபவாசம் இருன்னு சொன்னாரு. நானும் ஆமாம்மா, மாமா சொல்றபடி செய்யுன்னு தலையை ஆட்டினேன்.

நல்ல புள்ளை, சொன்ன பேச்சு கேக்கும். எங்க கண்ணு முன்னாடியே, வீடியோவுல, வெளிய போற சமையலறைக் கதவைச் சாவி போட்டுப் பூட்டி, கீழ இருக்கற சந்துல துண்டைத் திணிச்சா.

செவ்வாக்கிழமை இன்னும் மோசம். நான் பேசறேன், அவ காமிராவையே மொறைச்சிப் பாத்துக்கிட்டு இருக்கா. கண்ணு இமைக்கல. கடைசியா, "நீ பேசறப்ப அவுங்களும் பேசறாங்கப்பா, அதான் ஒண்ணும் கேக்கல"ன்னா. அப்பறம் யாருக்கோ பதில் சொல்ற மாதிரி சிரிச்சா. எம் பொண்ணு சிரிப்பே இல்லைங்க அது.

கடைக்குப் போயி ஷட்டரை எறக்கிட்டு கையில கெடைச்ச பர்னரையெல்லாம் செவுத்துல அடிச்சேன். "நீ இருக்கியா இல்லியா? எம் புள்ளையை எது புடிச்சிருக்குன்னு எனக்குக் காட்டு. காட்டு!"ன்னு கத்தினேன். ஆண்டவரை நீருன்னுகூடச் சொல்லல. கடன்காரனைக் கேக்கற மாதிரி கேட்டேன். அதுதான் நான் பண்ண ஜெபம்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி. அங்க மதியம் ரெண்டரை. எங்க வீட்டுல குடும்ப ஜெபம்னா பெரியவங்கள்ல ஆரம்பிச்சி வரிசையா ஒவ்வொருத்தரா ஜெபிக்கணும், கடைசி முறை ஷீபாவுக்கு. அன்னிக்கும் போனை எதிர்ல நிறுத்தி வெச்சிட்டு முட்டி போட்டோம். நான் முடிச்சேன், வசந்தா அழுதுக்கிட்டே முடிச்சா, மச்சான் தொண்டை கட்ற வரைக்கும் ஆவியைத் துரத்தினாரு. ஷீபா முறை வந்துச்சி.

போன்ல தண்ணி ஓடற சத்தம் மட்டும் வருது.

ஜெபத்துல கண்ணைத் தொறக்கறது என் கெட்ட பழக்கம். அதுக்காக வசந்தாகிட்ட எத்தனையோ தடவை வாங்கிக் கட்டியிருக்கேன். அன்னிக்கும் தொறந்துட்டேன். ஷீபா மேசை மேல தலையைச் சாச்சிக் கெடக்கறா. கன்னம் ரெண்டும் ரோஜாப்பூ கலர்ல இருக்கு. பின்னாடி குழாயை மூடாம விட்டிருக்கா. அதுக்கு மேல செவுத்துல தண்ணி சூடு பண்ற பழைய கேஸ் ஹீட்டர், குழாய்ல தண்ணி ஓடற வரைக்கும் எரியற வகை. அதுல உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள்ள நெருப்பு.

நெருப்பு மஞ்சளா எரியுது.

இருபத்திரெண்டு வருஷமா நெருப்பைப் பாத்துச் சாப்பிடறவன் நான். நீலமா எரிஞ்சா நல்ல நெருப்பு. மஞ்சளா, கரியோட எரிஞ்சா வெஷம் கக்குதுன்னு அர்த்தம். அந்த வெஷக் காத்துக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாது. மொதல்ல தலைவலி, அப்பறம் புத்தி கலங்கும், அப்பறம் தூக்கம், அதோட சரி. அந்த வீட்டைத்தான் சந்து விடாம நாங்க அடைக்கச் சொல்லியிருக்கோம்.

"ஷீபா! எழுந்திரு! கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய போ!"

எனக்கும் ஆவி ஏறிடுச்சின்னு வசந்தா அலறிட்டா. ஷீபா மெதுவாத் தலையைத் தூக்கினா. "முடியாதுப்பா. கதவுகிட்ட அவுங்க நிக்கறாங்க. கிட்டப் போனா புடிச்சிக்குவாங்க."

கதவு எனக்கு நல்லாத் தெரியுது. வெள்ளைக் கதவு, பூட்டுல சாவி, கீழ துண்டு. ஆளு யாருமில்ல. யாருமே இல்லம்மான்னு சொல்லிப் பாத்தேன், நம்பல. அழ ஆரம்பிச்சிட்டா. கேஸைப் பத்தி விளக்குற நேரமா அது? நான் சிதம்பரத்துல உக்காந்திருக்கேன், அவளுக்கும் கதவுக்கும் நடுவுல பத்து அடி. அங்க என் கோவம் எங்க போச்சின்னே தெரியல. "எப்பா ஆண்டவரே, என் வாயில ஒரு வார்த்தையை வை"ன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன்.

"சரிம்மா, அவுங்க நிக்கட்டும்"னேன். "பஸ்ல எறங்கறப்ப, கொஞ்சம் நவுருங்கன்னு கேப்பல்ல? அதே மாதிரி கேளு. அப்பா வரச் சொன்னாருன்னு சொல்லு."

எழுந்தா. விழுந்தா. அப்பறம் தவழ்ந்தா. வசந்தா வாயில முந்தானையை அடைச்சிக்கிட்டா. கதவுக்கு இன்னும் நாலு அடி இருக்குது, ஷீபா தலையை நிமித்தி என்னமோ சொன்னா. கதவு தொறந்துச்சி. அவ கை அதும்மேல படல. நான் பாத்தேன், வசந்தா பாத்தா, மச்சானும் பாத்தாரு. வெளிய மழை பேஞ்சிக்கிட்டிருந்துச்சி. அவ மழையில போயி விழுந்தா.

பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் போயிருந்தா பொணமாத்தான் வந்திருப்பான்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. ஹீட்டரோட பொகைக் கொழாயில குருவி கூடு கட்டி அடைச்சிருந்துச்சாம். வெஷக் காத்து வந்தா அடிக்கிற எச்சரிக்கை மணிப் பெட்டியில பேட்டரியே இல்லியாம். மாடியில நடந்த காலு, டீ குடிக்க வந்த ஆளு, எல்லாம் அந்தக் காத்து மூளைக்குப் போனதால வர்றதுதானாம். நான் ஒத்துக்கறேன், என் தொழிலே அதுதான். ஆனா அந்தப் பக்கத்து வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. தொறந்து கெடந்த கதவுல பூட்டு பூட்டினபடியே, நாக்கு வெளிய நீட்டினபடியே இருந்துச்சாம். நிலையில ஒரு கீறல்கூட இல்லியாம். இதுக்கு எந்த டாக்டருகிட்டயும் பதில் இல்ல, மெக்கானிக்குகிட்டயும் இல்ல.

இப்ப மச்சான் எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும் மொதல்ல ஜன்னலைத் தொறக்கறாரு. சிரிக்காதீங்க, மெய்யாத்தான். நான் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் விசுவாசிங்க வீட்டு அடுப்பையும் கீஸரையும் பாத்துக் குடுக்கறேன். கூப்பிடுங்க, வரேன். கோவம் இன்னும் முழுசாப் போவல, அதுக்கும் ஜெபம் பண்ணிக்குங்க. காட்டுன்னு கேட்டவனுக்குக் காட்டினாரே, அந்த ஆண்டவருக்கு நான் சாகற வரைக்கும் நன்றி சொல்லணும்.

ஷீபா பத்து நாள் தள்ளி வந்து சேந்தா. ஒரு வாரம் கழிச்சி சாப்பிடறப்ப மெல்லக் கேட்டேன்.

"நவுருங்கன்னு கேட்டியாம்மா?"

"கேட்டேன்பா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவுங்கதான் திரும்பிக் கதவைத் தொறந்து விட்டாங்க."

உங்கள்ல யாருக்காவது அப்படி எதுவோ வழியில நின்னுக்கிட்டு இருந்துச்சின்னா, என்னைப் பெத்தவரு வரச் சொன்னாருன்னு சொல்லிட்டு, அவரை நம்பித் தவழ்ந்தாவது போங்க. ஆமென்.