தம்பியின் தெருவில் ஒட்டிய ஸ்டிக்கர்கள்

ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவரைவிட மூத்த, பல் போன பெரியவர்கள்கூட அண்ணன் என்பார்கள். வேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததுதான் காரணம்: அண்ணன் தம்பி ரிப்பேர் சர்வீஸ். குழாய், கதவு, பூட்டு, ஃபேன், அலமாரி, எது கெட்டாலும் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். நரைத்த தலையும் திறக்காத வாயுமாக நிற்பவர் அண்ணன். பேச்சு மொத்தமும் தம்பியுடைய இலாகா.

அந்தப் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! கதவைப் பார்க்கப் போன வீட்டில் "ஜன்னல் கொண்டி ஆடுதேக்கா, மழைக்கு முன்னாடி முடிச்சிடலாமா?" என்று ஆரம்பிப்பான். வெளியே வரும்போது பக்கத்து வீட்டு வேலையும் கையில் இருக்கும். ஸ்டிக்கர் அடிக்கலாம் என்பதும் அவன் யோசனைதான். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும். "தண்ணி ஒழுகினா ஜனங்க முதல்ல அங்கதாண்ணா குனிவாங்க" என்றான். குனிந்தார்கள், கூப்பிட்டார்கள். ஸ்டிக்கரில் இருந்தது தம்பியின் நம்பர். அண்ணனுக்குப் போனில் பேச வராது. காதில் வைத்ததும் இருமல் வந்துவிடும். ஆனால் ஒட்டியது அத்தனையும் அண்ணன் கை. துடைத்து, காயவிட்டு, கட்டைவிரலால் மூலைக்கு மூலை நீவி ஒட்டுவார். பிய்த்தால் கதவின் பெயின்ட் வருமே தவிர ஸ்டிக்கர் வராது.

ஊரெல்லாம் தம்பி நம்பரை இப்படி உரியாமல் ஒட்டிவிட்டு, அதே தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டார் மனுஷன். இவரை என்ன சொல்ல!

சண்டை தொழிலைப் பெருக்குவதில் வந்தது. ஆள் சேர்க்கலாம் என்றான் தம்பி. "நம்மகிட்ட இருக்கறது நாலு கை. கூட ஆள் போட்டா ஊர் முழுக்க நாமதாண்ணா." முகம் தெரியாதவனை அடுத்தவர் சமையலறைக்குள் அனுப்ப அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. முடியாது என்றார். அவன் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் பட்டறையில், குனிந்து பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நாலு கை எங்க இருக்கு? இருக்கறது ரெண்டு. உன்கிட்ட இருக்கறது வாய்."

வாயைத் திறக்காதவர் திறந்தால் இப்படித்தான் வந்து விழும். தம்பி முகம் செத்துப்போனது. "அந்த வாய் இல்லன்னா உன் கை வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கும்" என்றான். வேன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அண்ணனுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. பெற்றவர்கள் போனபிறகு தம்பி வீடுதான் வீடு. தினமும் சாயங்காலம் அங்கேதான் சாப்பாடு. தம்பி பெண்டாட்டி தட்டை வைத்துவிட்டு, "மாமா, இந்த மிக்ஸி என்னமோ முனகுது, பாருங்களேன்" என்பாள். அதுவும் நின்றது. பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் சமைத்து, சட்டியிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்தார். அறையில் இருந்த ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றும். ஊர் ஃபேனையெல்லாம் சரிசெய்கிறவருக்கு அது ஒரு வேலையா? இருந்தும் தொடவில்லை. அதையும் நிறுத்திவிட்டால் அந்த அறையில் வேறு சத்தமே கிடையாது.

கோபத்தில் பழைய சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டிருந்தார். புது நம்பர் வாங்கினார். தானும் விளம்பரம் செய்யத் தெரிந்தவன்தான் என்று காட்ட அச்சுக்கடைக்குப் போனார். கடைக்காரன் அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"வெறும் அண்ணன் ரிப்பேர் சர்வீஸ்னா, யாருக்கு அண்ணன்னு கேப்பாங்களே?"

"நீ அடிச்சுக் குடு" என்றார்.

"உங்க போட்டோ போடலாம். நம்பிக்கை வரும்." எடுத்தான். பார்த்தான். "வேண்டாம்ணா, திருடனைத் தேடற மாதிரி இருக்கு" என்று அவனே அழித்துவிட்டான்.

இனிமேல்தான் வேடிக்கை. புது ஸ்டிக்கரைக் கட்டுக்கட்டாக வாங்கியவர் எங்கே ஒட்ட வேண்டும்? புதுக் குடியிருப்பு, கடைவீதி, பஸ் ஸ்டாண்டு என்று இடமா இல்லை? தம்பி வீட்டு எதிரே இருக்கும் மின்கம்பத்தில் ஒட்டினார். தம்பி டீ குடிக்கிற கடையின் சுவரில், அவன் வழக்கமாக நிற்கிற உயரம் பார்த்து ஒட்டினார். அவன் பெட்ரோல் போடுகிற இடத்தில், முடிவெட்டிக்கொள்கிற கடையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். கேட்டால் விளம்பரம் என்பார். எவனும் நம்பமாட்டான். அவருக்கு ஒரே ஒரு போன் வர வேண்டியிருந்தது. தானாகக் கூப்பிட ரோஷம் விடவில்லை. 'நம்பர்தான் கண்ணெதிரே இருக்கே, வேணும்னா கூப்பிடட்டும்' என்று வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் அடிக்கவில்லை. குளிக்கப் போனால் வாளிக்குப் பக்கத்தில் வைப்பார், படுத்தால் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பார். ஒருநாள் சந்தேகம் வந்து, ஆணி திருகாணி விற்கிற கடைக்காரரிடம் போய், "என் நம்பருக்கு ஒரு தடவ அடிங்க" என்றார். அவர் அடித்தார். கடையே அதிர்கிற மாதிரி மணி அடித்தது.

"நல்லாத்தானே அடிக்குது!"

"ஆமா" என்றார் அண்ணன். கெட்டுப்போயிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

வேலை குறைந்துகொண்டே வந்தது. சரி, பழைய வீடுகளுக்கே போய்ப் பழைய ஸ்டிக்கர் மேல் புதுசை ஒட்டிவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினார். முதலில் போனது தையல்காரம்மா வீடு. மாடியில் தனியாக இருந்து துணி தைக்கிறவள், நல்ல மாதிரி. விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒட்டிக்கோங்கண்ணா. ஆனா அந்தக் கதவை மெதுவாத் தொறங்க, கையோட வந்துடும்."

தொட்டிக்குக் கீழே குனிந்து கதவைத் திறந்தார். மேல் கீல் கோணலாக நின்றது. திருகாணி சாய்ந்து இறங்கி, மரத்தைப் பிளந்திருந்தது.

"எந்தப் புண்ணியவான் போட்டான் இதை?"

"உங்க தம்பிதான்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆளுங்க வெச்சிருந்தாராம், ஒருத்தனும் நிக்கலையாம். இப்ப ஒத்த ஆளா ஓடறார். இந்த ஒரு கீலுக்கு எவ்வளவு நேரம் போராடினார் தெரியுமா? திருப்புளி வழுக்கி உள்ளங்கையக் கிழிச்சுக்கிட்டார். ரத்தமான ரத்தம். நான்தான் துணியக் கிழிச்சுக் கட்டிவிட்டேன். கதவு மூடலைன்னு காலைலகூடச் சொன்னேன். சாயங்காலம் வரேன்னிருக்கார்."

உன்கிட்ட இருக்கறது வாய் என்று தான் சொன்னது அண்ணன் காதில் விழுந்தது. ஸ்டிக்கரைக் கீழே வைத்துவிட்டுக் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். பிளந்த ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை இறக்கி அடைத்தார். கை வேலையில் இருந்தால்தான் அவரால் எதையாவது கேட்க முடியும்.

"அவன்கிட்ட என் புது நம்பர் இல்ல போலிருக்கு" என்றார் மரத்தைப் பார்த்துக்கொண்டே.

"யார் சொன்னது? டீக்கடைச் சுவத்துல பார்த்துப் போட்டுக்கிட்டேன்னு எனக்கே காட்டினாரே. அண்ணன் புது நம்பர்னு பேர்கூடப் போட்டு வெச்சிருக்கார்."

"எப்ப?"

"அது ஆச்சு, நீங்க அங்க ஒட்டின புதுசுல. கூப்பிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். கூப்பிட்டு என்னக்கா பேசறதுன்னு சிரிச்சார். சிரிப்பா அது! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஊரையே பேசி வளைக்கிறவனுக்கு இவரிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லையாம். நம்பர் அவன் கண்ணில் படாமல்தான் கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். இனி அப்படிச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அவன் நம்பர்? ஊரில் இருக்கிற அடுப்படியெல்லாம் இவர் கையாலேயே ஒட்டி வைத்த நம்பர் ஆயிற்றே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவராவது ஒருநாள் கூப்பிட்டாரா?

கீலை மாட்டி முடித்தார். கதவு சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது. தரையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டான்.

"அண்ணா?"

இருமல் வந்தது. இருமி முடித்தார். அந்தப் பக்கம் தம்பி பொறுமையாகக் காத்திருந்தான். கை எப்படிடா இருக்கு, டாக்டர்கிட்டக் காட்டினியா, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, எல்லாம் நெஞ்சில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"தையல்காரம்மா வீட்டுக் கதவை நான் போட்டுட்டேன்" என்றார். "நீ வர வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தம்பி உடனே வைக்கவில்லை. இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்திருப்பான் போல.

"சரிண்ணா" என்றான் கடைசியில். போன் கட்டாகிவிட்டது.

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நல்லாக் கூப்பிட்டீங்க போங்க! கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அண்ணன் திருப்புளியை எடுத்துப் பையில் போட்டார்.

"அதைக் கேக்கத்தாம்மா கூப்பிட்டேன்" என்றார்.