ஒரே மேஜையில் நோயாளியும் டாக்டரும்

நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தகராறு வந்தால் இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார்த்திப் பேச வைப்பது என் வேலை. இரண்டு பேருமே என்னை எதிராளியின் ஆள் என்றுதான் நினைப்பார்கள். டோக்கன் வாங்கி ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக் கிடந்திருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

படிக்காத காகிதம்

கேரள எல்லையோர ஊரான வடகரப்பதி விவசாயி பழனிசாமிக்குக் காலில் சர்க்கரைப் புண். சுத்தம் பண்ணப் போகிறார்கள் என்று நினைத்து ஆபரேஷனுக்குப் போனவருக்கு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்ஜன் என்னிடம் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். "கையெழுத்து இருக்கு. எடுக்கலைன்னா உயிர் போயிருக்கும்."

இரண்டும் உண்மை. ஆனால் பத்திரம் மலையாளத்தில் இருந்தது. பழனிசாமிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். சர்ஜன், இனித் தமிழிலும் படிவம் வைத்து வாசித்துக் காட்டுவதாக எழுதிக் கொடுத்தார். பழனிசாமி அதை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கால் போச்சேன்னு இல்லீங்க. எந்திரிக்கப் போயி, கீழ உளுந்துதானுங்க கால் இல்லைன்னே தெரிஞ்சுது."

திரைக்குப் பின்னால்

முதலமடை மாங்காய் வியாபாரி காதர், தன் அப்பா மாரடைப்பில் இறந்த அன்று டியூட்டி டாக்டரை அறைந்துவிட்டார். அந்த டாக்டர் ஓர் இளம்பெண். போலீஸ் கேஸ் தனியாக நடக்கிறது. நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காதர் கெஞ்சியதால் அந்த டாக்டர் வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க, டாக்டரம்மா. அத்தாவை யாரும் வந்து பாக்கவே இல்லைன்னு நெனச்சுட்டேன்" என்றார் காதர், எழுந்து நின்று. டாக்டர் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை. கிளம்பும்போது இதை மட்டும் சொன்னார்:

"திரைக்குப் பின்னால நாப்பது நிமிஷம் உங்க அத்தா நெஞ்சை அமுக்கினது நான்தான். அந்தக் கைவலி மாறும் முன்னே நீங்க அடிச்சீங்க."

செல்வி கேட்டது

செல்வி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளி. குழந்தை இறந்தே பிறந்தது. அவள் மயக்கம் தெளிவதற்குள், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று கணவனிடம் கையெழுத்து வாங்கி அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி மேலதிகாரி கொண்டுவந்த மன்னிப்புக் கடிதத்தைச் செல்வி தொடவே இல்லை. அன்று பிரசவ அறையில் இருந்த நர்ஸைப் பார்க்க வேண்டும் என்றாள். வரவழைத்தோம்.

"பொண்ணு. நான்தான் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில பொதிஞ்சேன்" என்று சொன்ன நர்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி அழவில்லை. மேஜைமேல் சாய்ந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையில முடி இருந்துச்சாக்கா?"

ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்று எனக்கு நன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் வரும்வரை எங்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.