தாயம் விழாத கப்பல்

எங்கள் விளையாட்டை நான் விண்வெளிக்குக் கொண்டுபோனது நட்சத்திரம் பார்க்கும் ஆசையில் இல்லை. ஒருவனை மடக்குவதற்காக.

வீட்டில் எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். கேஸ் சிலிண்டர் வந்தால் அசைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தால் எந்தக் கல்லூரி என்று விசாரித்துவிட்டுத்தான் மொய் எழுதுவேன். “இவ சாமி நேர்ல வந்து நின்னாலும் அடையாள அட்டை கேப்பா” என்பார் அப்பா. போதாக்குறைக்குத் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை. எண்கள் ஒழுங்கு தவறினால் எனக்குச் சோறு இறங்காது.

விளையாட்டு கல்லூரியில் தொடங்கியது. சீனியர் ஒருவர் விட்டுப்போன ஜெராக்ஸ் புத்தகம், முதல் சில பக்கங்கள் இல்லாமல். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு “நான் இப்போ சுவரேறிக் குதிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். குதித்தார்களா, காலை உடைத்துக்கொண்டார்களா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது எப்போதும் நான்தான். அடுத்தவர் சொன்னால் நடுவில் குறுக்கு விசாரணை செய்வேன் என்பதால் அப்படி ஏற்பாடு.

எங்கள் கதை நடந்தது நூறு வருடம் கழித்து வரும் ஒரு தஞ்சாவூரில். ஆற்றைக் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்துவிட்டன. வாய்க்காலில் தண்ணீர் வர பாஸ்வேர்டு வேண்டும். மனிதர்களுக்கு இரும்புக் கை, கண்ணில் கேமரா. அதோடு, முன்பு ஊரை விட்டுப் போயிருந்த பேய்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன. முனி புளியமரத்தை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் குடியிருந்தது. என் அறைத்தோழி பேயோட்டுகிற பூசாரி. அவள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். விளையாட்டிலாவது தண்ணீரைத் திறந்துவிடும் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது ஆள் நாகப்பட்டினத்துக்காரன், எங்கள் வகுப்பு. அவன் அத்தா கடைத்தெருவில் சிறிதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். இவனுக்குக் கம்பெனிப் பூட்டுகளை உடைக்கிற இரும்புக்கைத் திருடன் வேஷம். நிஜத்தில் கேன்டீனில் மீதிச் சில்லறை அதிகமாக வந்தால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்பவன்.

புத்தகம் கேட்ட இருபது முகப் பகடை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் பித்தளைத் தாயக்கட்டை வாங்கினோம், ஆளுக்கு ஒரு ஜோடி. அதில் ஒரு வில்லங்கம் வந்தது. ஒன்று விழுந்தால் பெரிய ஆபத்து என்றது புத்தகம். ஒன்று என்றால் தாயம். வீட்டில் ஆடும் ஆட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள்ளேயே வரும். விழுந்ததும் நாங்கள் மூவரும் எழுந்து கத்தினோமே தவிர, யாரும் செத்துப்போகத் தயாராக இல்லை. புத்தகத்தைத் திருத்திவிட்டோம். எங்கள் ஆட்டத்தில் தாயம் விழுந்தால் எந்தக் கதவும் திறக்கும்.

இன்னொரு வழக்கமும் எங்களுடையதுதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் தன் ஜன்னல் வழியாக நிஜமாகத் தெரிவதைச் சொல்ல வேண்டும். நான் அதைக் கதைக்குள் எடுத்துக்கொள்வேன். நெல் மில் புகைபோக்கி கம்பெனியின் கோபுரமானது இப்படித்தான்.

படிப்பு முடிந்து தோழி சிங்கப்பூர் போனாள், அவன் துபாய் போனான், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆட்டம் கம்ப்யூட்டரில் தொடர்ந்தது. அவன் பக்கம் குரல் மட்டும்தான். வீடியோ அழைப்புக்கு அங்கே தடை என்றான். விசாரித்தேன், உண்மைதான் என்றார்கள், விட்டுவிட்டேன்.

முதலில் உறுத்தியது பகடை. அவரவர் வீட்டில் உருட்டி அவரவர் எண்ணைச் சொல்வோம். திடீரென்று அவனுக்குத் தாயம் விழுவது நின்றுபோனது. இரண்டு, நான்கு, மறுபடி இரண்டு. துரதிர்ஷ்டம் என்பது இத்தனை ஒழுங்காக வராது. எங்காவது ஒரு நல்லது தப்பித் தவறி விழுந்தே தீரும். பகடையில் ஏமாற்றுபவன் ஜெயிப்பதற்காக ஏமாற்றுவான். தோற்பதற்காக ஏன் ஏமாற்ற வேண்டும்?

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமைதான் லீவு என்று அதுவரை வெள்ளியன்று ஆடிவந்தவன், “ஞாயித்துக்கிழமையும் ஆடலாம், எனக்கு ஓகே” என்றான். ஷிஃப்ட் மாறிவிட்டதாம். ஜன்னலில் நீலக் கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் ஒரு கிரேன் என்பான். மாதக்கணக்கில் அதே கிரேன், அதே பக்கம் பார்த்து நின்றது. ஒருநாள் அவன் பின்னால் சோவென்று மழை. ஏசி இரைச்சல் என்றான்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கரண்ட். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும் என்று தமிழ்நாடே அல்லாடிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் கரண்ட் இல்லாத நேரமென்றால் நான் காலேஜ் ஆய்வகத்தில் பேட்டரி தயவில் உட்கார்ந்திருப்பேன். அவன் லைன் அறுந்துபோகும் போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மணிக்கு அறுந்தது. துபாயில் நெட் போகலாம். மணி அடித்தாற்போலப் போவது நம் ஊர்க் கரண்ட் மட்டும்தான்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுச் சண்டையாகப் போயிருக்கும். நடுவில் என் தம்பி இருந்தான். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டுச் சும்மா இருந்தான். குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. துபாய்க்கு அனுப்ப ஏஜெண்ட் கிடைத்தான். ஏஜெண்டை அப்பா நம்பவில்லை. என் நண்பனை நம்பினார். வீட்டிலிருந்து ஆடிய ஓர் ஆட்டத்தின் நடுவில் என் ஹெட்ஃபோனைப் பிடுங்கி, “தம்பி, நம்ம பய வர்றான். கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து அவன், “அனுப்புங்கப்பா. நான் இருக்கேன்” என்றான்.

அந்த “நான் இருக்கேன்” போதும் என்று அப்பா இருந்த ஒரே ஒரு மா நிலத்தை அடகு வைக்க ஆள் பார்த்தார். நான் கரண்ட் கதையைச் சொன்னேன். “உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?” என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவனிடமே “எங்கடா இருக்க?” என்று கேட்டேன். சிரித்தான். அதற்கு மேல் வற்புறுத்தப் பயமாக இருந்தது. அவன் நிஜமாகவே அங்கே இருந்து, நான் திருடன் பட்டம் கட்டிவிட்டால், என் தம்பிக்கு அந்த ஊரில் நாதியில்லை. அவன் அங்கே இல்லாமல் தம்பி போய் இறங்கிவிட்டால், அதைவிட நாதியில்லை.

கதை நகரத்துக்குள் நடந்தவரை அவனைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. ஒரே சந்தில் அவனும் தோழியும் நிற்பார்கள். நான் அவனிடம் கேட்பதற்கெல்லாம் தோழி பதில் சொல்வாள். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி மொத்தக் காவிரியையும் பனிக்கட்டியாக்கிக் கப்பல் கப்பலாக வானத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று அறிவித்தேன். மீட்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். ஆளுக்கு ஒரு கப்பல்.

“ஏன்டி, கீழயே இன்னும் கடைமடைக்குத் தண்ணி வரல. மேல எதுக்கு?” என்றாள் தோழி.

“போயித்தான் ஆகணும்” என்றேன்.

டிரான்ஸ்ஃபார்மர் முனியை அவள் தன் கப்பலுக்கு என்ஜினாகக் கூட்டிப்போனாள். காற்றில்லாத இடத்தில் அதற்குச் சுருட்டு எப்படிப் பற்றவைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை நடந்தது. சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிக்கும்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமிக்குத் திரும்பத் தாயம் வேண்டும் என்று புது விதி போட்டிருந்தேன். தோழிக்கு விழுந்தது, இறங்கிவிட்டாள். அவனுக்கு விழவேயில்லை. அவன் கப்பல் சனி கிரகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்பா பணம் கட்டுவதற்கு முந்தைய ஞாயிறு, தம்பியை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தாயக்கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். புது சட்டை வேறு. துபாய்க்கு என்று வாங்கியதை அதற்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜன்னல்ல என்ன தெரியுது?” என்று லைனில் இருந்த நண்பனைக் கேட்டேன்.

“பில்டிங். ஒரு கிரேன்.”

“சரி. உன் கப்பலப் பாத்து ஒரு சின்ன ஓடம் வருது. உள்ள ஒருத்தன், பெட்டியோட. உன் கப்பல்ல வேலைன்னு சொல்லி அனுப்பிருக்காங்க. திரும்பிப் போறதுக்கு அதுல எரிபொருள் இல்ல. நீ கதவத் திறந்தாத்தான் அவன் பொழைப்பான்.” தம்பியைப் பார்த்தேன். “உருட்டு.”

உருட்டினான். ஒரு கட்டை நின்றது, இன்னொன்று சுழன்று நின்றது.

“தாயம்!” என்று துள்ளினான். அடுக்களையிலிருந்து அம்மா, “யாருக்குடா?” என்றாள். “எனக்கும்மா! அண்ணே, தாயம். கதவத் திறங்க.”

“டேய், லைன்ல இருக்கியா?” என்றாள் சிங்கப்பூர்க்காரி.

“தம்பி,” என்றான் அவன். “அப்பா பணம் கட்டிட்டாரா?”

“நாளைக்குக் கட்டுறாரு அண்ணே. அண்ணே, தாயம்ணே.”

“கட்ட வேணாம்னு சொல்லு. விழுந்தாலும் வராத. இங்க கப்பல்லாம் இல்ல தம்பி. நான் வேலை பாத்த கம்பெனிய மூடி ரொம்ப நாளாச்சு. நான் திருச்சில இருக்கேன்.”

“எந்தத் திருச்சி?” என்றாள் தோழி. சிங்கப்பூரிலிருந்து அவளுக்கு வேறு ஏதாவது திருச்சி தெரிந்திருக்குமோ என்னவோ. தம்பி கட்டைகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், தப்பாக எண்ணிவிட்டவன்போல. நான் ஜெயித்திருந்தேன். அப்பா முன்னால் போய் நின்று பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும் என எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்தே போனது. வந்ததெல்லாம் கோபம். ஓங்கி இரண்டு அறை கொடுக்க வேண்டும்போல இருந்தது. அதற்காகவே மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு திருச்சிக்கு பஸ் ஏறினேன். அப்பா ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கப் போனார்.

ஏர்போர்ட் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை, அதன் மாடியில் அவன் அறை. ஜன்னலே இல்லை. மேலே ஒரு வெண்டிலேட்டர், அதற்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர். மெலிந்திருந்தான். தம்பிக்குத்தான் முதலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கை ஓங்க எனக்கு மனம் வரவில்லை.

“அந்த கிரேன்?” என்றேன்.

“அங்க என் ரூம்லேந்து தெரியும். கடைசியாப் பாத்தத சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?”

“வந்து எறங்குன அன்னிக்கே நாகப்பட்டினம் பஸ்ல ஏறி உக்காந்தேன். கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு. வாய் வரல, எறங்கிட்டேன். தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்காங்க. அண்ணன் துபாய்னு சொல்லித்தான் பேசிருக்காங்க. அத்தாகிட்ட என்னன்னு சொல்றது?”

தம்பிதான், “நான் கூட வர்றேன் அண்ணே. போற வழியில யோசிச்சுக்கலாம்” என்றான். வேலைக்காக அவனை நம்பிப் போக இருந்தவன், இப்போது அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மூன்று பேரும் தஞ்சாவூர் வந்தோம். நாகப்பட்டினம் பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஏறினார்கள். கண்டக்டர் கேட்பதற்கு முன்பே தம்பி இரண்டு நாகப்பட்டினம் என்று சொன்னது கீழே நின்ற எனக்குக் கேட்டது. நண்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இனி கேட்க வேறு சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

“தாயக்கட்டையில என்ன பண்ண? ஏதோ பண்ணியிருக்க. ஒரு தாயம்கூட விழாம இருக்காது.”

“கட்டையே இல்ல,” என்றான். “ரூமைக் காலி பண்றப்ப அங்கயே தொலைஞ்சு போச்சு. சும்மா வாயில வந்த எண்ணச் சொன்னேன்.”

“வாயில வர்றதச் சொல்றவன் தாயம்னு சொல்லிருக்கலாமே. கப்பல் எறங்கிருக்கும்ல?”

டிரைவர் ஏறி என்ஜினைப் போட்டார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“எல்லாத்துலயும் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல. விழாத தாயத்த விழுந்துச்சுன்னு சொல்ல மட்டும் கூச்சமா இருந்துச்சு.”

பஸ் கிளம்பிவிட்டது. அவன் சொன்னவற்றில் யாரிடமும் விசாரிக்காமல் நான் நம்பியது அந்த ஒன்றைத்தான்.