கழற்றாத பல் செட்டு

முடிதிருத்தும் கடைக்காரரைத் தெருவே ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும். கத்தரியைவிட அவர் வாய் வேகம். அந்த ரேடியோ ஆறு மாதமாக அடங்கிக் கிடந்தது.

“என்னண்ணே, பேட்டரி தீந்துபோச்சா?” என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சீண்டினார்கள். அவர் வாயைத் திறக்காமலே சிரித்து மழுப்பினார்.

ஆள் இல்லாத நேரத்தில் கடைக் கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் இழுத்துப் பார்ப்பார். வாயோரத்தில், உட்புறம், வெள்ளையாக ஒரு திட்டு. துடைத்தாலும் போகவில்லை. போன வருடம் ஒருவர் பிடரியில் கட்டியைக் கண்டு, “நாளைக்கே டாக்டர்கிட்ட போய்யா” என்று விரட்டியவர் இவர். தன் விஷயத்தில் மட்டும் நாளைக் கடத்தினார்.

காரணம் பல். மேல்வரிசை முழுவதும் கட்டிய பல். கல்யாணத்துக்கு முந்தின மாதம் மாட்டியது. பெண் வீட்டில் சொல்ல நா எழவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. தூங்கும்போது செட்டைக் கழற்றி வைக்கும்படி பல் கட்டியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கழற்றினால் மனைவி பார்த்துவிடுவாளே! குளியலறையைத் தாழிட்டு, அரை நிமிடம் அலசி, மறுபடி மாட்டிக்கொள்வதோடு சரி.

“தட்டுல போட்டது அப்படியே இருக்கு. என் சமையல் அவ்வளவு மோசமா?” என்று கேட்டாள் மனைவி. உறைப்பு பட்டால் எரிகிறது என்று உளறிவிட்டார். மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

“செட்டைக் கழட்டுங்க,” என்றார் பல் டாக்டரம்மா.

“நீ கொஞ்சம் வெளிய இரு,” என்றார் அவர், மனைவியிடம்.

“ஏன், உங்க வாயைத் திருடிட்டா போயிடுவேன்?”

அவள் நகரவில்லை. உள்ளங்கையால் மறைத்துக் கழற்றினார். உதடு உள்ளே போய்விட்டது. செட்டு இருந்த இடம் ரணம்போல் சிவந்திருந்தது.

“ராத்திரி பகலா மாட்டியே வெச்சிருக்கீங்க. அடியில பூஞ்சை பிடிச்சிருக்கு, அது மருந்துல ஆறிடும். வெள்ளைத் திட்டுலயும் பூஞ்சை இருக்கும்போல. சிகரெட் வேற பிடிக்கிறீங்க. இது நாள்பட்டா சிலருக்குப் புற்றுநோயா மாறலாம். பூஞ்சைதான் மாத்துதா, மாறுற இடத்துல பூஞ்சை வந்து ஒட்டுதான்னு இன்னும் தீர்மானமாத் தெரியல. திட்டுல துளி சதை எடுத்துப் பரிசோதிக்கணும்.”

வீட்டு வாசலில் மனைவி கேட்டாள்: “பல்லு இல்லன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னா நினைச்சீங்க?”

அவருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் திட்டில் சில உயிரணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. அதை வெட்டி எடுக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், புண் ஆறும்வரை செட்டே போடக் கூடாது என்றார் டாக்டரம்மா.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கும் இடத்தில் நல்ல கூட்டம். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ முனகினார். பின்னால் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் விளங்கல சார். கையை எடுத்துட்டுச் சொல்லுங்க,” என்றாள் சீட்டு எழுதுபவள்.

மனைவி பக்கத்திலேயே நின்றாள். ஆனால் அவருக்காகப் பேசவில்லை. காது மடல் சுட, அவர் கைக்குட்டையை இறக்கினார்.

“சீக்கிரமா ஒரு தேதி குடும்மா,” என்றார், பொக்கை வாயோடு, எல்லாருக்கும் கேட்கும்படி.