பின்சக்கரத்துப் பசை

1. சனிக்கிழமை: இரண்டு கார்பன் ரிம்களிலிருந்தும் பழைய டயர்களை உரித்தேன்.
2. ஞாயிறு: முன்சக்கரத்துப் பசையை எடுத்து முடித்தேன்.
3. திங்கள் காலை: கல்லூரியில் செய்முறைத் தேர்வு. பின்சக்கரத்தை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.
4. திங்கள் மாலை: பின்சக்கரம் இரண்டு துண்டானது.
5. வியாழன்: மாநில அணிக்கான தேர்வில் இரவல் சக்கரத்தில் ஓட்டினேன். வயது வரம்பின்படி எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

அத்தான் என் அக்காவின் கணவர். மலையடிவாரத்து லோயர் கேம்பில், மலையேறும் லாரிகளுக்குப் பஞ்சர் கடை வைத்திருப்பவர். என் பந்தய சைக்கிளில் டயரை ரிம்மின் மேல் பசையால் ஒட்ட வேண்டும். புது டயர் ஒட்டுவதற்கு முன் பழைய பசை போக வேண்டும். உலோக ரிம்மானால் சுரண்டலாம், சூடு காட்டலாம். கார்பன் இழையால் செய்த ரிம்மில் இரண்டும் கூடாது. துணியில் கொஞ்சம் அசிட்டோன், பிளாஸ்டிக் தகடு, விரல் நகம், அவ்வளவுதான். தேன் நிறத்தில் இறுகிக் கிடந்த பசை ஊறி, உருட்ட உருட்டச் சுருண்டு வரும். ஒரு சக்கரத்துக்கு ஒரு பகல் ஆனது. "நகைக்குப் பாலீஷ் போடுறவன்கூட இம்புட்டு நேரம் தேய்க்க மாட்டான்டி" என்றாள் அக்கா.

அத்தானுக்குச் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். செய்யக் கூடாதவற்றை எழுதவில்லை.

மாலையில் கடைக்கு வந்தபோது ரிம்மின் உட்குழி சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. டியூபைச் சொரசொரப்பாக்கும் பஃபிங் மிஷினால் தேய்த்திருந்தார். பஞ்சர் கடையில் தேய்க்காமல் எதையும் ஒட்டுவதில்லை.

"வழுவழுன்னு இருந்தா பிடிக்காது ஆத்தா. கொண்டை ஊசி வளைவுல டயரு கழண்டுச்சுன்னா? இப்ப ஒட்டு, யானை இழுத்தாலும் வராது."

விரலை வைத்துப் பார்த்தேன். இழைகள் அறுந்து மயிராக நின்றன. "கார்பனையே அறுத்துட்டீக அத்தான்."

அவர் முகம் மாறியது. "ஓட்டுனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்."

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாரி டயர் இனி உதவாது என்று கண்டால், டிரைவரின் கண் முன்னாலேயே அதன் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துவிடுவார். இல்லாவிட்டால் நாலு வளைவு தாண்டி மறுபடி அதையே மாட்டுவார்கள் என்பார். அதற்காகச் சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. அன்று அவர் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து ரிம்மில் வைத்தார்.

"அத்தான், என்னையக் கேட்டீகளா?"

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். "ஐயையோ, இவுக என்ன செய்றாக! அவ சக்கரத்தைப் போயி..."

"ஓட்ட மாட்டேன்னு ஒந்தங்கச்சியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நிறுத்திர்றேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ரிம்மிலிருந்து கறுப்புத் தூள் கொட்டியது.

அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் கார்பன் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இழை அறுந்த பாகம் எவ்வளவு தாங்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி ஒன்றை வெளியே அனுப்ப நான் கையெழுத்திடுவதுமில்லை. அத்தான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். கோபம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.