நரம்பு பச்சை, நடுவே மஞ்சள்

மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடங்கள் வேலை பார்த்தேன். அதில் நான் செய்த பெரிய தவறு ஒரு வாட்ஸ்அப் படத்தில் தொடங்கியது.

அனுப்பியவர் கணேசன் அண்ணன். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி கண்ட்ரோல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தைப் போட்டு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் வாங்கியிருந்தார். முந்நூறு மரங்கள். படத்தில் இலைகள் மஞ்சளாக இருந்தன. ஜார்ஜ்டவுன் லேபில் மேசையை விட்டு எழாமலே, "நைட்ரஜன் குறைவு, யூரியா போடுங்க அண்ணே" என்று பதில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"மேடம், யூரியா போட்டும் மஞ்சள் போகல. பாலும் கொறைஞ்சிருச்சு. மரத்தைச் சாய்ச்சிட்டு டுரியான் பழமரம் போடலாம்ங்கறான் மகன். வர்ற திங்கக்கிழமை மெஷின் வருது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு..."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் காலையிலேயே கடல் பாலம் தாண்டி அவர் தோட்டத்துக்குப் போனேன்.

ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார். பால் வெட்டுவது அவர் மனைவி சாந்தி அக்கா. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். துறட்டியால் ஒரு கிளையை இழுத்து, இலையைப் பறித்து என் கையில் கொடுத்தார். பார்த்ததும் என் முகம் சூடானது. நரம்புகள் பச்சையாகவே இருந்தன. அவற்றுக்கு நடுவே மட்டும் மஞ்சள். வெயில் படும் கிளைகளில்தான் அதிகம். நைட்ரஜன் குறைந்தால் இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். இது மெக்னீசியம் குறைவு. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

"யூரியாவுக்கு முன்னாடி என்ன பாஜா, என்ன உரம் போட்டீங்க அண்ணே?"

"பொட்டாஷ்தான். அது போட்டா பால் ஊத்தும்னாங்க. கொஞ்சம் கூடவே போட்டேன் லா."

"கொஞ்சமா?" என்றார் சாந்தி அக்கா. "சோத்துக்கு உப்பு போடச் சொன்னா, உப்புக்குச் சோறு போடற ஆளு, தங்கச்சி!"

மண்ணில் பொட்டாஷ் மிதமிஞ்சிப் போனால் வேர் மெக்னீசியத்தை எடுக்க முடியாது. இலையும் மண்ணும் எடுத்துப் போய் லேபில் அவசரமாகச் சோதித்தேன். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. சந்தேகமே இல்லை. மறுபடியும் நேரில் போனேன்.

"தப்பு என் மேல. சரியாப் பாக்காம சொல்லிட்டேன். மெஷினை நிறுத்துங்க. புது இலை வர்ற வரைக்கும் டைம் குடுங்க."

கணேசன் அண்ணன் மனைவியைப் பார்த்தார். "மகன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் சாந்தி அக்கா.

பொட்டாஷை நிறுத்தினோம். கீசரைட் என்ற மெக்னீசிய உரத்தை வரிசைகளுக்கு நடுவே தூவினோம்.

ஜனவரி கடைசியில் மறுபடியும் போன்.

"மேடம்! நம்பர் ஒண்ணுலேருந்து முந்நூறு வரைக்கும் எல்லாம் மொட்டை! ஒரு இலை இல்ல! செத்துப் போச்சா?"

பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. சாந்தி அக்கா போனைப் பிடுங்கினார். "வருஷத்துக்கு ஒரு தடவை பால்மரம் இலை கொட்டும்னு நேத்துலேருந்து சொல்றேன், நம்ப மாட்டேங்கறாரு. முதல் தடவை பாக்கறாரு, பாவம்!"

நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்ததும் காலண்டரில் மார்ச் மாதத்தைப் புரட்டினேன். வரப்போகும் இலை என்ன நிறத்தில் வரும்?

மார்ச்சில் போய்ப் பார்த்தேன். துளிர்கள் செம்பு நிறம் மாறி விரிந்திருந்தன. ஓரத்திலிருந்து ஓரம் வரை பச்சை! பத்து மரம், இருபது மரம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து கழுத்து வலித்தது. சாந்தி அக்கா பின்னால் மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டுரியானை வீட்டுக்குப் பின்னால ரெண்டு போட்டுக்கறேன் மேடம்" என்றான்.

அடுத்த மாதம் கணேசன் அண்ணன் எங்கள் லேப் கவுண்டரில் வந்து நின்றார். கையில் ஒன்பது காகிதப் பைகள். பக்கத்துத் தோட்டக்காரர்களின் இலைகள். "படம் அனுப்பினா மேடம் ஏமாந்துடுவாங்க, இலையைக் குடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, உரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் தோட்டத்துக்குப் போங்கள். இலையைக் கையில் எடுங்கள். ஏற்கெனவே என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். அப்படியும் தவறு நேர்ந்தால், நேரில் போய் ஒப்புக்கொள்ளுங்கள். நான் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து சாந்தி அக்கா என்னைச் சாப்பிடாமல் அனுப்பியதே இல்லை.