ஒரு மீன் தலைக்கு இரண்டு வழக்கு

மீன் கழுவிய கையின் கவுச்சி சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. 2005ஆம் வருஷக் கோடையில், மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், அந்தக் கவுச்சிக் கையால்தான் ஒரு மீன் தலையை இரண்டு நாய்களுக்கு நடுவில் விட்டெறிந்தேன். எனக்குப் பதினோரு வயது. பக்கத்தில் நின்று சிரித்தவள் வசந்தி, அடுத்த வீட்டுத் தேசிங்கு மாமாவின் மகள், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி. எங்கள் டைகர் முந்துமா, அவர்கள் ஜிம்மி முந்துமா என்று பார்க்கிற ஆசையைத் தவிர எங்களுக்கு வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஜிம்மியின் காது கிழிந்தது. பிரித்துவிடத் துடைப்பத்தோடு ஓடிவந்த வசந்தியின் அம்மா அஞ்சலை அத்தையை, கெண்டைக்காலில் ஏதோ ஒரு நாய் கவ்வியது. எந்த நாய் என்று எனக்குத் தெரியாது. கடிபட்ட அத்தைக்கே தெரியவில்லை. ஆனால், கூச்சல் கேட்டு உப்பளத்திலிருந்து ஓடிவந்த தேசிங்கு மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "வேணும்னே நாயை ஏவி உட்டுருக்காங்க!" என்றார். அவருக்குப் பின்னாலேயே வந்த, அதே அளவுக்கு எதையும் பார்த்திராத என் அப்பா, "ஏம்பா, உன் நாயி மொதல்ல பாஞ்சா என் நாயி இன்னா பண்ணும்?" என்றார். டைகரை அடிக்க மாமா ஓங்கிய கட்டை அப்பாவின் தோளில் விழுந்தது.

அத்தையை ஊசி போட அழைத்துக்கொண்டு போன சாயங்காலம், வசந்தியும் நானும் ஆளுக்கொரு உப்புக் கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு, மீன் தலை விஷயத்தை உயிர் போனாலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். நாலு நாளில் எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தோம். பெரியவர்களைப் பற்றி எங்களுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

மாமா ஸ்டேஷனில் மனு கொடுத்தார். அப்பா மறு மனு கொடுத்தார். "நாய் சண்டைக்கெல்லாம் கேஸா, போயி வேலையைப் பாருங்கய்யா" என்று அங்கிருந்த ஏட்டு திட்டி அனுப்பியும் இருவரும் விடவில்லை. ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்து, ஒன்றை இரண்டு வழக்காக்கி, கோர்ட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அடுத்தடுத்த பாத்திகளில் சேர்ந்து உப்பு வாரியவர்கள் அவர்கள். இப்போதோ ஒரே பஸ்ஸில் போய், ஒரே மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "வக்கீல் 'வாய்தா' வாங்கிட்டாரு" என்பார். ஏதோ தின்பண்டம் என்று நினைத்து, எனக்கு எங்கே என்று ஒரு முறை கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷம் போனது. வசந்தியோடு பேசக்கூடாது என்று எனக்கும், என்னோடு பேசக்கூடாது என்று அவளுக்கும் உத்தரவு. பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, ரப்பரை உருட்டி உருட்டிப் பேசாமலே பேசிக்கொண்டோம். அடுத்த கோடையில் ஒரு வாய்தா நாளன்று, இருவரும் கோர்ட்டில் இருந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கீற்று போட்டு மூட ஆளில்லாமல் இரண்டு பேருடைய உப்புக் குவியலும் கரைந்து ஓடின. இனியாவது புத்தி வரும் என்று அம்மா சொன்னாள். அப்பாவோ, "அவனாலதான் போச்சு" என்றார். அடுத்த வீட்டிலும் அதே வார்த்தைகள்தான் கேட்டன.

கடைசியில் எங்களையே சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "அவங்க நாயிதான் மொதல்ல பாஞ்சுதுன்னு சொல்லு, வேற எதுக்கும் வாயைத் தொறக்காத" என்று அப்பா எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார். நேர் எதிரான பாடம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குக் கேட்டது. வசந்தி முதலில் உள்ளே போய், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள். பிறகு நான். மூக்குக் கண்ணாடி போட்ட ஜட்ஜம்மா, "பயப்படாம சொல்லும்மா, நீ இன்னா பார்த்தே?" என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாங்க ரெண்டு பேரும்தான் மீன் தலையைப் போட்டோம்" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. அப்பாவையும் மாமாவையும் முன்னால் கூப்பிட்டு, "இந்தக் குழந்தைக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையா? ராஜியாகிப் போங்க" என்றார். அடுத்த வாய்தாவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் நான் சாட்சி சொன்ன அன்றே, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்கத் தேசிங்கு மாமா வசந்தியின் கன்னத்தில் அறைந்தார். "கோர்ட்லயே பொய் சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தவரே கேட்டார்! என் அப்பா அவர் கையைப் பிடித்து, "உடுப்பா, சின்னப் பொண்ணு" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. வசந்தி அழவில்லை. என்னைப் பார்த்து, "நீதானே போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

இன்றைக்கு அந்த இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பிரித்துப் படிக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "என் பொண்ணு ஜட்ஜம்மா முன்னாடியே உண்மையைச் சொன்னவ" என்று பெருமை பேசுவார். தேசிங்கு மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாய்கள் இல்லை. மாமாவும் அப்பாவும் பாத்திகளை வேறு ஆட்களிடம் விட்டாயிற்று. புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட வசந்தி, கல்யாணம் காட்சிகளில் என்னைப் பார்த்தால், "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். எறிந்தது நான்தான் என்று அன்றைக்கு ஒருமையில் சொல்லியிருந்தால், அவள் என்னை இப்படிப் பன்மையில் விசாரித்திருக்க மாட்டாள்.